சவர்க்காரத்தின் இயல்பு கண்டவர்

அரிய பொருளைக் கண்டால் மக்கள் வியப்பர். அது யாது, எவ்வாறு அமைந்தது என வினவுவர். நாள்தோறும் கையாளும் பொருளைப் பற்றியோ அவ்வாறு வினவுவார் மிகச் சிலரே. சோப்பு என வழங்கும் சவர்க்காரம் அத்தகைய பொருள்களுள் ஒன்று. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் அழுக்கை அகற்றும் பொருள் ஒன்று கிடைக்கும் என்பதை மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். ஆயினும், அக்கொப்பரையினுள் நிகழும் மாறுதல் யாது என்பதனை அவர்கள் அறிந்தாரல்லர். அவ்வுண்மையை முதன்முதல் தெளிவுறக் கண்டு உலகுக்கு உணர்த்தியவர் பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் மிஷேல் யூஜேன் ஷெவ்ரல் ஆவர். 102 ஆண்டுகள் வாழ்ந்து, முதுமையிலும் ஆராய்ச்சியைக் கைவிடாதிருந்த அப்பெரியாரின் வரலாறு, கற்கும் பருவத்தினர்க்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

பிரான்சின் மேற்குப் பகுதியில் உள்ள ஆன்ஜே என்னும் நகரில் 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் ஷெவ்ரல் பிறந்தார். அவர்தம் தந்தையார் அந்நகரில் பெயர்பெற்ற மருத்துவர். மைந்தருக்கு மூன்று வயது நிரம்புமுன், 1789-ஆம் ஆண்டில், பிரெஞ்சுப் புரட்சி தோன்றியது. பழைய ஆட்சி வீழ்ந்தது. எங்கும் குழப்பமும் கொலையும் மிகுந்தன. 1793-ஆம் ஆண்டில் ஆன்ஜே நகரமே உள்நாட்டுப் போரில் முற்றுகைக்கு உள்ளாயிற்று. இளம் பருவத்திலேயே இக்கொடுமைகள் நிறைந்த சூழலில் வாழ நேர்ந்த ஷெவ்ரல், வாழ்நாள் முழுவதும் ஆரவாரத்தை விரும்பாது அமைதியான உழைப்பையே நாடினார். 1799-ஆம் ஆண்டில் தம் ஊரில் இருந்த புதிய அரசினர் பள்ளியிற் சேர்ந்து நான்கு ஆண்டுகள் பயின்றார். ஆங்கு அவர் உள்ளத்தை ஈர்த்த பாடம் இரசாயனமே.

பதினேழாம் வயதில் ஷெவ்ரல் மேற்கல்வியை நாடிப் பாரிசு மாநகரம் சென்றார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் வோக்லென் என்னும் பேரறிஞர். எளிய குடியிற் பிறந்து, மருந்துக் கடையொன்றில் ஏவற்பணி செய்து, தம் முயற்சியாலேயே உயர்ந்தவர் அவர். 1797-ஆம் ஆண்டில் குரோமியம் என்னும் உலோகத்தைக் கண்டறிந்து புகழெய்தியவர். ஒரு பொருளைப் பகுத்து அதன் கூறுகளை எடை தவறாமற் காணும் கலையில் அவருக்கு ஒப்பார் அக்காலத்திற் சிலரே. அத்தகையவர்பால் ஷெவ்ரல் அடங்கியிருந்து தொழில் கற்றார். கருவிகளைத் தூய்மை செய்வதையும், வடிகட்டுவதையும், நிறுத்துப் பார்ப்பதையும் இழிந்த வேலைகளாக அவர் கருதவில்லை. மாணாக்கரின் கைத்திறனையும் பொறுமையையும் கண்டு மகிழ்ந்த ஆசிரியர், தம் ஆராய்ச்சிக்கூடத்தின் பொறுப்பையே அவரிடம் விடலானார். 1810-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து இயற்கை வரலாற்று நிலையத்தில் ஷெவ்ரலுக்கு உதவியாளர் பதவி கிடைத்தது. அந்நிலையத்துடன் ஏற்பட்ட தொடர்பு, அவருடைய இறுதிநாள் வரை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நீடித்தது.

அக்காலத்தில் சவர்க்காரத் தொழில் எந்நிலையில் இருந்தது என்பதை அறிந்தாலன்றி, ஷெவ்ரலின் பணியின் அருமை விளங்காது. மத்தியதரைக் கடற்கரையில் உள்ள மார்செய் என்னும் பிரெஞ்சு நகரம் அத்தொழிலுக்குப் பேர்பெற்றது. அங்குச் செய்யும் சவர்க்காரத்தில் ஒலிவ எண்ணெயன்றி வேறு கொழுப்பைக் கலத்தலாகாது என்று 1688-ஆம் ஆண்டிலேயே அரசாணை பிறந்திருந்தது. தொழிலாளர் எண்ணெயைப் பெருங்கொப்பரையில் இட்டு, காரநீர் வார்த்துப் பல நாள் காய்ச்சுவர். பின்னர் உப்பைச் சேர்ப்பர். அப்பொழுது சவர்க்காரம் திரண்டு மேலே மிதக்கும்; கழிநீர் அடியில் தங்கும். அந்நீரை வடித்து அகற்றி, சவர்க்காரத்தை மேலும் காய்ச்சித் தூய்மைப்படுத்தி, உறையவைத்துக் கட்டிகளாக அறுப்பர். காரத்தின் பொருட்டுக் கடற்கரைச் செடிகளை எரித்த சாம்பலே முதலில் பயன்பட்டது. 1791-ஆம் ஆண்டில் லெப்லாங் என்பவர் கறியுப்பிலிருந்து சோடாக்காரம் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். அவர் முறையால் தொழில் வளர்ந்தது. அவரோ புரட்சிக் காலத்தில் தம் தொழிற்சாலையை இழந்து, வறுமையுற்று 1806-ஆம் ஆண்டில் மறைந்தார்.

இத்துணை வளர்ந்த தொழிலிலும் அறிவுக்குரிய அடிப்படை இல்லை. கண்ணாலும் கையாலும் பதம் பார்த்துப் பழகியதே தொழிலாளரின் கல்வியாகும். ஒரு கொப்பரை நன்கு அமைந்தால் அதன் காரணம் தெரியாது. மற்றொன்று கெட்டுப்போனாலும் அதன் காரணம் தெரியாது. இவ்வளவு கொழுப்புக்கு இவ்வளவு காரம் வேண்டும் என்று கணக்கிட்டுரைக்கவும் வழியில்லை. அறிஞர்களும், எண்ணெயும் காரமும் ஒன்றோடொன்று கூடிச் சவர்க்காரம் ஆகின்றன என்று கூறுவதோடு அமைந்தனர். சுவீடன் நாட்டு அறிஞராகிய ஷீலே என்பவர் ஒலிவ எண்ணெயை ஈய ஆக்சைடுடன் காய்ச்சி, அதிலிருந்து இனிப்பான நீர்மப்பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்திருந்தார். ஆயினும், அவ்வினிப்புப் பொருளுக்கும் சவர்க்காரத்துக்கும் உள்ள தொடர்பை முழுமையாக விளக்குவார் எவரும் இலர்.

1811-ஆம் ஆண்டில், பன்றிக் கொழுப்பையும் பொட்டாசுக் காரத்தையும் கொண்டு செய்த சவர்க்காரம் ஒன்றை ஆராயும் வாய்ப்பு ஷெவ்ரலுக்குக் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. அவர் அச்சவர்க்காரத்தை மிகுந்த நீரில் இட்டார். ஒரு பகுதி கரைந்தது. மற்றொரு பகுதி முத்துச்சிப்பியின் உட்புறம் போல ஒளிரும் சிறு செதில்களாக அடியிற் படிந்தது. பிறர் இதனைக் கண்டிருப்பின் கரையாத கசடு என்று கருதிக் கொட்டியிருத்தல் கூடும். ஷெவ்ரல் அதனைத் திரட்டி, அமிலம் சேர்த்துப் பார்த்தார். வெண்மையான கொழுப்புப் போன்ற ஒரு பொருள் பிரிந்து வந்தது. தோற்றத்தில் அது கொழுப்பாகவே இருந்தது. ஆனால் அதன் செயல் கொழுப்பின் செயலன்று. சூடான சாராயத்தில் அஃது எளிதிற் கரைந்தது. நீலநிற லிட்மசுச் சாயத்தைச் சிவப்பாக மாற்றியது. காரத்துடன் தாமதமின்றிக் கூடியது. சுருங்கச் சொன்னால், அஃது ஓர் அமிலமாக நடந்துகொண்டது.

கொழுப்பிலிருந்து அமிலம் வருமாயின், காரம் கொழுப்புடன் வெறுமனே கூடவில்லை என்பது பெறப்படும். அது கொழுப்பைப் பிளக்கிறது. பிளவுற்ற கூறுகளுள் ஒன்றாகிய அமிலத்தைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு சவர்க்காரமாகிறது. மற்றொரு கூறு யாது? ஷெவ்ரல் கழிநீரை ஆராய்ந்தார். ஷீலே கண்ட அந்த இனிப்புப் பொருளே அதனுள் இருந்தது. இனிமை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குக் கிளிசரின் எனப் பெயரிட்டார். எனவே, எண்ணெய், நெய், விலங்குக் கொழுப்பு ஆகியவை கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் இணைந்து உண்டானவை என்பதும், சவர்க்காரம் அவ்வமிலங்கள் காரத்துடன் கூடி உண்டான உப்பு என்பதும் புலனாயின. தொழிலாளர் காலங்காலமாகக் கழிநீருடன் வடித்து ஒழித்துவந்தது கிளிசரினையே ஆகும். பிற்காலத்தில் மருந்துகளிலும், ஆல்பிரட் நோபல் 1867-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற டைனமைட்டு வெடிமருந்திலும் அப்பொருளுக்கு வேலை ஏற்பட்டது.

இம்முடிவை ஷெவ்ரல் ஒரே சோதனையைக் கொண்டு நிறுவிவிடவில்லை. பன்றி, மாடு, ஆடு, வாத்தினம் முதலியவற்றின் கொழுப்புகளையும், வெண்ணெயையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். கொழுப்பிலிருந்து கிடைக்கும் அமிலங்கள் பல ஒன்றுடன் ஒன்று கலந்தே வரும். அவற்றைத் தனித்தனியே பிரிப்பது அரிய செயல். அவர் அக்கலவையைச் சாராயத்தில் கரைத்துப் படிகமாக்குவார். அப்படிகத்தை மீண்டும் கரைத்து மீண்டும் படிகமாக்குவார். ஒவ்வொரு முறையும் அஃது உருகும் வெப்பநிலையை அளப்பார். எத்துணை முறை செய்யினும் உருகுநிலை மாறாதிருப்பின், அப்பொழுதுதான் பொருள் தூய்மையடைந்தது எனக் கொள்வார். பொருளின் தூய்மைக்கு உருகுநிலையைச் சான்றாகக் கொள்ளும் இம்முறை, பின்வந்த இரசாயன அறிஞர் அனைவர்க்கும் வழிகாட்டியாயிற்று. இவ்வாறு அவர் ஸ்டீயரிக் அமிலம், ஒலேயிக் அமிலம் என்னும் இரண்டையும், வெண்ணெயின் மணத்துக்குக் காரணமாகிய பியூட்டிரிக் அமிலம் முதலியவற்றையும் பிரித்தறிந்தார்.

எடையிலும் அவர் கருத்து ஊன்றியிருந்தது. கொழுப்பைப் பிளந்து கிடைத்த அமிலங்களையும் கிளிசரினையும் நிறுத்துக் கூட்டிப் பார்த்தபொழுது, அக்கூட்டுத்தொகை முதலில் எடுத்த கொழுப்பின் எடையைவிட மிகுந்திருந்தது. இன்றைய கணக்கின்படி 100 கிராம் கொழுப்பிலிருந்து ஏறத்தாழ 95 கிராம் அமிலமும் 10 கிராம் கிளிசரினும் கிடைக்கும். இந்த மிகுதி எங்கிருந்து வந்தது? நிறுத்தலிற் பிழை என்று எண்ணி அவர் விட்டுவிடவில்லை. கொழுப்புப் பிளவுறும்பொழுது நீரின் கூறுகள் அதனுடன் சேர்கின்றன என்பதே அதற்குக் காரணம் என உணர்ந்தார். துலாக்கோல் காட்டிய சிறு வேறுபாடே பேருண்மை ஒன்றுக்கு வாயிலாக அமைந்தது.

1813-ஆம் ஆண்டு முதல் தம் முடிவுகளைப் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் முன் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டுவந்த ஷெவ்ரல், அவை அனைத்தையும் தொகுத்து 1823-ஆம் ஆண்டில் விலங்குக் கொழுப்புகளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பயன் அந்நூல். ஆராய்ச்சியின் இடையே பித்தக்கற்களிலிருந்து கிடைக்கும் ஒரு பொருள் காரத்தாற் பிளவுபடாமையைக் கண்டு, அது கொழுப்பினின்றும் வேறுபட்டது எனக் காட்டிப் பெயரிட்டவரும் அவரே. கொலஸ்டெரால் என்று இன்று மருத்துவர் கூறுவது அதனையே. இத்துணை விழிப்புடன் ஆராய்ந்தவரும் ஓரிடத்தில் ஏமாறினார். முத்துப் போல் ஒளிர்ந்த பொருளினின்று பெற்ற அமிலத்தை அவர் ஒரு தனி அமிலமெனக் கருதி, முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் மார்காரிக் அமிலம் எனப் பெயரிட்டார். அது ஸ்டீயரிக் அமிலமும் பால்மிட்டிக் அமிலமும் சேர்ந்த கலவையே என்று பின்னர் ஜெர்மானிய அறிஞராகிய ஹைன்ஸ் காட்டினார். ஆயினும், அப்பிழையைக் கண்டு திருத்துவதற்குரிய நெறியை வகுத்துத் தந்தவரும் ஷெவ்ரலே என்பது கருதத்தக்கது.

அவருடைய ஆராய்ச்சி சவர்க்காரத்துக்கு மட்டும் பயன்பட்டதன்று; ஏழைகளின் இல்லத்துக்கு ஒளியும் தந்தது. மின்விளக்கு இல்லாத அக்காலத்தில், செல்வர் வீடுகளில் தேன்மெழுகாற் செய்த வத்திகள் எரிந்தன. எளியவர்களோ மாட்டுக்கொழுப்பும் ஆட்டுக்கொழுப்பும் உருக்கிச் செய்த வத்திகளையே ஏற்றினர். அவை எளிதில் இளகி வழியும், புகை கக்கும், தீய நாற்றம் வீசும், திரியை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். கொழுப்பினின்று பிரித்த ஸ்டீயரிக் அமிலமோ ஏறத்தாழ 69 பாகைச் சென்டிகிரேடு வெப்பத்திலேயே உருகும். கையில் ஒட்டாத கடினப் பொருள். தெளிவான சுடருடன் எரியும். இதனைக் கொண்டு வத்தி செய்யலாம் எனக் கண்ட ஷெவ்ரல், கே லுசாக் என்னும் புகழ்பெற்ற அறிஞருடன் சேர்ந்து 1825-ஆம் ஆண்டில் அம்முறைக்கு உரிமை பெற்றார். ஆனால் அவர்கள் தொடங்கிய தொழில் வெற்றி பெறவில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1831-ஆம் ஆண்டையொட்டி, தெ மில்லி என்பவர் விலை குறைந்த சுண்ணாம்பைக் கொண்டு கொழுப்பைப் பிளந்து, பின்னிய திரியையும் அமைத்து, அவ்வத்தியை மலிவாகச் செய்து பரப்பினார். பொருள் வருவாய் பிறரைச் சேர்ந்தது. ஷெவ்ரல் அது குறித்து வருந்தி நிற்காமல் தம் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்பினார். அவருடைய தொண்டை நாடு மறந்துவிடவில்லை. தேசியத் தொழில் ஊக்கக் கழகம் 1852-ஆம் ஆண்டில் 12,000 பிராங்குப் பரிசளித்து அவரைப் பாராட்டியது.

1824-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்தில் உள்ள கோபெலன் என்னும் அரசினர் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப் பிரிவுக்கு ஷெவ்ரல் தலைவரானார். அங்குக் கறுப்புச் சாயம் தரமற்றது என்ற குறை எழுந்தது. அவர் அச்சாயம் தோய்ந்த கம்பளி நூலைப் பிற ஊர்களின் நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்திற் குறை எதுவும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகில் அக்கறுப்பை வைத்து நெய்தமையால், அது கண்ணுக்கு வெளுத்துத் தோன்றியது. குறை சாயத்தில் இல்லை, அண்டையிலுள்ள நிறத்தால் காட்சியில் நேர்ந்த மாறுதலே என்று அவர் விளக்கினார். அருகருகே அமைந்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் முறையைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1839-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். ஜார்ஜ் சோரா முதலிய பிற்கால ஓவியர்கள் அந்நூலின் கருத்துகளைத் தம் கலையிற் கையாண்டனர்.

ஷெவ்ரலின் உண்மை வேட்கை ஆராய்ச்சிக்கூடத்தின் எல்லையோடு நிற்கவில்லை. நூலிற் கட்டிய குண்டைக் கையிற் பிடித்தால், சில பொருள்களின்மேல் அது தானே ஆடும் என்று அக்காலத்திற் பலர் நம்பினர். ஷெவ்ரல் அதனை எள்ளி ஒதுக்கவும் இல்லை. உடனே ஏற்கவும் இல்லை. தம் கையிலேயே பிடித்துப் பார்த்தார், அஃது ஆடியது. பின்னர்த் தம் கண்களைக் கட்டிக்கொண்டு பார்த்தார், ஆட்டம் நின்றது. மனத்தில் எழும் எண்ணமே கையின் தசைகளைத் தாமறியாமல் அசைக்கிறது என்று தெளிந்து, 1833-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். பிறரைச் சோதிக்குமுன் தம்மையே சோதித்துக்கொண்ட நேர்மை இதனாற் புலப்படும்.

பதவிகளும் சிறப்புகளும் அவரை நாடி வந்தன. 1826-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் உறுப்பினரானார். தம் ஆசிரியர் வோக்லென் மறைந்தபின், 1830-ஆம் ஆண்டில் அவர் அமர்ந்திருந்த பேராசிரியர் பீடத்தில் அமர்ந்தார். 1857-ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் காப்லி பதக்கம் அளித்தது. 1863-ஆம் ஆண்டில் இயற்கை வரலாற்று நிலையத்தின் இயக்குநர் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது. 1870-ஆம் ஆண்டில் பிரஷ்யப் படை பாரிசை வளைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு சனவரித் திங்களில் பீரங்கிக் குண்டுகள் அந்நிலையத்தின் தோட்டத்தின்மீதும் விழுந்தன. செடிகளைக் காத்த கண்ணாடிக் கூடங்கள் நொறுங்கின. எண்பத்து நான்கு வயது முதியவராகிய ஷெவ்ரல் நகரைவிட்டு அகலாமல் தம் பணியிடத்திலேயே நின்று, கல்விச் செல்வத்தின்மீது நிகழ்ந்த அத்தாக்குதலை உலகறியக் கண்டித்து எழுதினார். 1879-ஆம் ஆண்டில் இயக்குநர் பொறுப்பைத் துறந்தாராயினும், பேராசிரியர் பதவியை விட்டாரல்லர்.

1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருக்கு நூறாண்டு நிறைந்தது. பாரிசு மாநகரம் விழாக்கோலம் பூண்டது. பதினாறாம் லூயி மன்னர் ஆட்சியிற் பிறந்து, புரட்சியையும், நெப்போலியன் ஆட்சியையும், அடுத்தடுத்து வந்த முடியாட்சிகளையும் குடியாட்சிகளையும் கண்ட ஒருவர் தம்மிடையே வாழ்வதை மக்கள் வியந்து போற்றினர். அவரோ தம்மைப் பிரான்சு நாட்டு மாணவர்களுள் மூத்தவர் என்று கூறிக்கொள்வதிலேயே மகிழ்ந்தார். உணவில் அளவும் ஒழுக்கத்தில் முறையும் உடையவர். தம் பிறந்த நாட்டுப் பகுதியின் திராட்சை மதுச் சங்கத்துக்கு மதிப்புறு தலைவராக இருந்தும் நீரையன்றி மதுவைப் பருகாதவர். 1889-ஆம் ஆண்டு ஏப்பிரல் 9-ஆம் நாள் அவர் பாரிசில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அரசாங்கம் பொதுமரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தியது. அவ்வாண்டிலேயே கட்டிமுடிந்த ஈபில் கோபுரத்திற் பொறித்த 72 அறிவியலறிஞர் பெயர்களுள் அவர் பெயரும் இடம்பெற்றுள்ளது.

அவர் இட்ட அடிப்படையின்மீது பின்வந்தோர் பலர் எழுப்பினர். 1854-ஆம் ஆண்டில் பெர்த்தெலோ என்னும் பிரெஞ்சு அறிஞர், கிளிசரினையும் கொழுப்பு அமிலங்களையும் மீண்டும் இணைத்துக் கொழுப்பை ஆக்கிக் காட்டினார். ஷெவ்ரல் பிரித்துக் கண்டதை அவர் சேர்த்து உறுதிசெய்தார் எனலாம். சவர்க்காரத் தொழிலிலும் இன்ன கொழுப்புக்கு இவ்வளவு காரம் என்று முன்கூட்டியே கணக்கிடும் முறை வந்தது. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் விரைந்து நுரைப்பதற்கும், மாட்டுக்கொழுப்புச் சவர்க்காரம் கடினமாக இருப்பதற்கும் அவற்றிலுள்ள அமிலங்களின் வேறுபாடே காரணம் என்பது தெளிவாயிற்று. கொழுப்பு அமிலம் நீண்ட வால் போன்ற கரித்தொடரை உடையது. அவ்வால் எண்ணெய் அழுக்கிற் புகும். காரத்துடன் கூடிய தலை நீரை நாடும். இவ்வாறு அழுக்கு நீருடன் அகன்றுவிடுகிறது.

கடினநீரிற் சவர்க்காரம் நுரையாமைக்கும் அதே அறிவு விடை தந்தது. அந்நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் என்பவை கொழுப்பு அமிலத்துடன் கூடிக் கரையாத கசடாகின்றன. இக்குறையைப் போக்கவும், கொழுப்புப் பஞ்சத்தை ஈடுசெய்யவும், முதல் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மானியர் செயற்கை அழுக்கு நீக்கிகளை ஆக்கத் தொடங்கினர். அவற்றின் தலைப்பகுதி கந்தகத்தைக் கொண்டு அமைந்தது; ஆதலின் கடினநீரிலும் அவை செயற்படும். குளிப்பதற்குரிய செயற்கைக் கட்டிகள் சிலவற்றில், தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களையே ஐசெத்தியோனேட்டு என்னும் கந்தகச் சேர்மத்துடன் இணைத்துப் பயன்படுத்துகின்றனர். சவர்க்காரம் காரத்தன்மை உடையது. இக்கட்டிகளை ஏறத்தாழ நடுநிலையில் அமைக்க இயலும். ஆயினும், புதுமை அனைத்தும் நன்மையாகிவிடவில்லை. 1950-ஆம் ஆண்டுகளில் பரவிய சலவைத்தூள்கள் சிலவற்றின் கரித்தொடர் கிளைகள் பல உடையதாக இருந்தமையால், நுண்ணுயிர்களால் அதனைச் சிதைக்க இயலவில்லை. மேனாட்டு ஆறுகளில் நுரை மலைபோற் குவிந்தது. 1960-ஆம் ஆண்டுகளில் அதனை விடுத்து, இயற்கைக் கொழுப்பு அமிலத்தைப் போன்ற கிளையற்ற தொடரைக் கொண்ட பொருள்களை மேற்கொண்டனர். அக்குறை பெரிதும் தணிந்தது.

ஷெவ்ரல் சவர்க்காரத்தைப் புதிதாகக் கண்டுபிடித்தவரல்லர். புதிய நிலப்பரப்பையோ புதிய உலோகத்தையோ கண்டவருமல்லர். எல்லார் கையிலும் இருந்த ஒரு பொருளை எடுத்து, அஃது யாது எனக் கேட்டார். விடை கிடைக்கும்வரை நிறுத்தும் கரைத்தும் படிகமாக்கியும் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார். பிறர் கசடெனக் கொட்டக்கூடிய செதிலிலும், கழிவென வடித்த நீரிலும், பிழையென விட்டுவிடக்கூடிய எடை வேறுபாட்டிலும் உண்மை மறைந்திருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். கைப்பழக்கத்தால் நடந்த தொழில் காரணம் அறிந்து நடக்கும் தொழிலாக மாறியது அவராலேயே. பழகிய பொருளாயிற்றே என்று எதனையும் ஆராயாது விடலாகாது என்பதும், ஒன்றைச் செய்யத் தெரிந்த அளவில் அதனை அறிந்துவிட்டதாகக் கருதலாகாது என்பதும் அவர்தம் வாழ்வால் விளங்கும் உண்மைகளாகும். நூறாண்டு நிறைந்த பின்னும் தம்மை மாணவர் எனக் கூறிக்கொண்ட அப்பெரியாரின் அடக்கமும் ஊக்கமும் மாணவர் அனைவரும் போற்றி மேற்கொள்ளத் தக்கனவாம்.